டர்னிப் டவுன்ஷெண்ட் – கடிதம்

வணக்கம் சார்,

பயிர்ச்சுழற்சி பற்றிய கட்டுரையில் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து மந்திரி டவுன்ஷெண்டை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 'இங்கிலாந்துக்கு டர்னிப்பைக் கொண்டுவந்தவர்' என்று கல்லூரியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். அவ்வளவு பெரிய மந்திரி கிழங்கு போடப் போனது விவசாய ஆசையாலா, பதவி போன கடுப்பிலா?

மு., தஞ்சாவூர்

அன்புள்ள மு.,

கடுப்புதான். ஆனால் முதலில் அந்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டர்னிப்பை அவர் கொண்டுவரவில்லை. அவர் பிறந்த 1674ஐ ஒட்டியே கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பக்கம் மாட்டுத் தீவனமாக அது வயலுக்கு வந்துவிட்டது. (நம் சந்தை நூக்கல் அல்ல. அது தண்டு, இது வேர்.)

அவர் செய்தது கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் (தீவனப் பயிர்) என்று மாற்றி மாற்றிப் போடும் நான்கு வருடச் சுற்று. டர்னிப்புக்கு இடையே கொத்திக் களையெடுப்பதால் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அந்த வயலிலேயே ஆடுகளை அடைத்துவிடுவார்கள். தஞ்சாவூர்க்காரருக்கு ஆட்டுக்கிடையை நான் விளக்க வேண்டுமா? நார்ஃபோக்கில் தன் ஊரான ரேனமில் ஏராளமான நிலம் வைத்திருந்த பிரபு அதைச் செய்ததால் ஊர் கவனித்தது, பேரும் அவருக்குப் போனது.

இனி கடுப்பு. பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போல் பக்கத்து ஊர்க்காரர். அவர் தங்கை டாரதியை டவுன்ஷெண்ட் 1713இல் இரண்டாம் தாரமாகக் கட்டினார். அரசியலில் மூத்தவர் டவுன்ஷெண்ட்தான். வெளியுறவெல்லாம் அவர் கையில். பிறகு மைத்துனர் மேலே போய்விட்டார். கம்பெனிப் பெயர் 'டவுன்ஷெண்ட் அண்ட் வால்போல்' என்று இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது, பெயர் மாறியதும் கெட்டது என்று வால்போலே சொன்னதாகச் சொல்வார்கள். 1726இல் டாரதி இறந்தார். நடுவில் நின்று இருவரையும் அடக்க வீட்டில் ஆளில்லை. ஒருநாள் நண்பர் வீட்டில் வாய்ச்சண்டை முற்றி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து, கை வாளுக்கே போய்விட்டதாம். வீட்டுக்காரம்மா காவலரைக் கூப்பிட ஓடப் பார்த்திருக்கிறார்.

1730இல் ராஜினாமா. எனக்குப் பிடித்த டவுன்ஷெண்ட் இதற்குப் பிறகுதான் வருகிறார். எதிர்க்கட்சியில் சேர்ந்து மைத்துனரைக் கவிழ்க்கப் பார்க்கவில்லை. ஒரு முக்கியமான விவாதத்துக்கு வரச்சொல்லி எதிர்த்தரப்பு செஸ்டர்ஃபீல்டு பிரபு அழைத்தபோதும் மறுத்துவிட்டார். தனக்குக் கோபம் அதிகம், வந்தால் பிறகு வருந்தும்படி எதையாவது செய்துவிடுவேன் என்பதுதான் அவர் சொன்ன காரணம். 1738இல் சாகும்வரை ரேனமில்தான்.