ஒற்றைக் கழுதை ஏன் கத்துகிறது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காக ஒரு 'இத்தாலி மினி' பெண் கழுதை வாங்கி, ஆனேக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் விட்டிருக்கிறோம். 8 மாதமாகிறது. தவிடு, மிச்சச் சப்பாத்தி, பிஸ்கட் என்று தின்று நன்றாகக் கொழுத்துவிட்டது. துணைக்கு ஆடு இருந்தும் ராத்திரியெல்லாம் கத்துகிறது, பக்கத்துத் தோட்டக்காரர் சண்டைக்கு வருகிறார். இப்போது நடக்கவும் சோம்பல்படுகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: சோம்பல் இல்லை அம்மா, வலியாக இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பிடரி தடித்து ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது. அது சதை இல்லை, கொழுப்பு. முழுக்கச் சாய்ந்துவிட்டால் அப்புறம் இளைத்தாலும் நிமிர்வது கஷ்டம். விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துங்கள். எலும்பு தட்டுப்படவில்லை என்றால் தீனி அதிகம். கழுதை வறண்ட நிலத்துப் பிராணி, காய்ந்த வைக்கோல் தாளைத் தின்றே வாழப் பழகியது. தவிடும் சப்பாத்தியும் குளம்புக்குள் அழற்சியில் கொண்டுபோய் விடும். குளம்பைத் தொட்டால் சுடுகிறதா, கல்தரையில் கால் வைக்கத் தயங்குகிறதா என்று பார்த்து, இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மாட்டுத் தீவனமும் வேண்டாம். சில கலவைகளில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து கழுதைக்கு நஞ்சு.

அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகக் கூடாது! கொழுத்த கழுதை சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுக்கும், உயிரே போகலாம். காய்ந்த தாள் எப்போதும் முன்னால் கிடக்கட்டும், தவிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துங்கள். தீனியை மோந்துவிட்டு ஒதுங்கினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

குளம்பு சீவியதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 6 முதல் 10 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். ஊருக்கு நடுவே குதிரைப் பந்தய மைதானம் இருப்பதால் லாடக்காரர்கள் கிடைப்பார்கள். ஆனால் கழுதைக் குளம்பு குதிரையுடையதைவிடச் செங்குத்தானது, அதைத் தெரிந்தவராகப் பாருங்கள். மழைக்கு ஒரு கூரையும் காய்ந்த தரையும் கட்டாயம். அதன் ரோமத்தில் தண்ணீர் வழியாது, ஊறிவிடும்.

கத்துவதற்கு மருந்து இன்னொரு கழுதைதான். ஆடு போதாது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் ஜோடியைப் பார்த்திருந்தால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அதுவும் பெண்ணாக இருக்கட்டும், ஆண் என்றால் காயடித்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருஷம் இருக்கும். மகள் கல்யாணத்துக்கும் அவை இருக்கும் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், அசல் மினி என்பது சிசிலி, சார்டினியா தீவுகளின் இனம். 1929-ல் அமெரிக்காவுக்குப் போனது. தோள் உயரம் 36 அங்குலத்தைத் தாண்டாது. உங்கள் படத்தில் இருப்பது, என் கண்ணுக்கு, துணிமூட்டை சுமந்த நம் ஊர்ச் சாம்பல் கழுதைதான். வளர்ப்பு முறை ஒன்றே, வருத்தப்படாதீர்கள். அடுத்ததை வாங்கும்போது மட்டும் 'மினி' என்று வாயைத் திறக்காதீர்கள், விலை ஏறிவிடும்.