கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது?

கேள்வி: கல்லூரிப் படிப்பை அரசே இலவசமாகத் தர வேண்டுமா? படித்துச் சம்பாதிக்கப் போகிறவரே கட்டட்டும் என்கிறார் நண்பர்.

பதில்: அரசுதான் தர வேண்டும். மருத்துவரும் ஆசிரியரும் படித்ததன் பலன் அவர்கள் சம்பளத்தோடு நின்றுவிடுவதில்லை. நன்றாகச் சம்பாதிப்பவர் அதற்கேற்ற வருமான வரியும் கட்டத்தான் போகிறார்.

ஆனால், கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. வெளியூர் மாணவருக்கு விடுதி, சாப்பாடு, போக்குவரத்துச் செலவு பல நேரம் கட்டணத்தையே மிஞ்சும். உதவித்தொகை வரும் தேதியும் முக்கியம். சேரும் நாளிலேயே விடுதிக்கு முன்பணம் கேட்பார்கள். உதவித்தொகை பருவம் முடிகிற நேரத்தில் வந்தால், அதுவரை வட்டிக்கு வாங்கித்தான் சமாளிக்க வேண்டும். முதல் தவணை வகுப்பு தொடங்கும் முன்பே மாணவர் கணக்கில் விழ வேண்டும்.

இன்னொரு சிக்கல் இடங்கள். ஸ்காட்லாந்தில் உள்ளூர் மாணவருக்கு முதல் பட்டப்படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதனாலேயே அவர்களுக்கான இடங்களுக்கு உச்சவரம்பும் உண்டு. இடங்களைக் கூட்டாமல் இலவசம் என்று அறிவித்தால் போட்டி கடுமையாகும். நல்ல பள்ளியும் தனிப்பயிற்சியும் கிடைத்த பிள்ளைகளே இடங்களை அள்ளிக்கொள்வார்கள்.

கேள்வி: அரசிடம் பணமில்லை என்றால் கல்விக்கடன் போதாதா?

பதில்: எப்படிப்பட்ட கடன் என்று பாருங்கள். சாதாரண வங்கிக் கடனில் வேலை போனாலும் மாதத் தவணை நிற்காது. ஆஸ்திரேலியா 1974-ல் கட்டணத்தை ஒழித்தது. 1989-ல் வேறு வடிவில் கொண்டுவந்தது: படிக்கும்போது கட்ட வேண்டாம், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள்.

இங்கிலாந்தில் 2023 ஆகஸ்டு முதல் படிக்கச் சேர்ந்தவர்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 25,000 பவுண்டு. அதற்கு மேல் வரும் தொகையில் 9 சதவீதம் பிடித்தம். 30,000 சம்பளம் என்றால் மேலே உள்ள 5,000-க்கு மட்டும் கணக்கு: ஆண்டுக்கு 450 பவுண்டு. 24,000 வாங்குபவர் எதுவும் கட்ட வேண்டாம். 40 ஆண்டுக்குப் பின் மிச்சம் தள்ளுபடி.

வங்கிக் கடனைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் நியாயமில்லை. பெரிய சம்பளக்காரர் சீக்கிரம் அடைத்துவிடுவார். நடுத்தரச் சம்பளக்காரர் வட்டியோடு பல்லாண்டு கட்டிக்கொண்டிருப்பார். விலைவாசி ஏறியும் வரம்பை உயர்த்தாமல் விட்டால், சட்டத்தைத் தொடாமலேயே சுமை கூடும்.

கேள்வி: வசதியானவர் பிள்ளைக்கும் இலவசமா?

பதில்: ஆம். சிலி 2016-ல் வருமானத்தில் கீழ்ப்பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் இலவசமாக்கி, 2018-ல் அதை 60 சதவீதமாக விரித்தது. இப்படிக் கோடு போட்டால், அதைச் சற்றே தாண்டிய குடும்பம் முழுக் கட்டணத்தில் மாட்டிக்கொள்ளும். கோடு போட்டே ஆக வேண்டுமென்றால், சலுகையைப் படிப்படியாகக் குறையும்படி வைக்க வேண்டும்.