ஃபியட்டின் முன் கண்ணாடி ஒழுகினால், ரப்பருக்கு முன் தகரத்தைப் பாருங்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வாப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி, அதாவது பழைய ஃபியட், வீட்டில் இருக்கிறது. போன கார்த்திகை மழையில் டேஷ்போர்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கி, கால் வைக்கும் இடமெல்லாம் ஊறிவிட்டது. கண்ணாடியைச் சுற்றி இரண்டு தடவை சிலிக்கான் வைத்தும் நிற்கவில்லை. புது ரப்பர் பீடிங் வாங்கி நானே மாட்டலாமா? என்ன பசை வைக்க வேண்டும்? கண்ணாடியையும் மாற்ற வேண்டுமா?"

தாராளமாக நீங்களே மாட்டலாம் தம்பி. இன்றைய கார்களில் முன் கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள், அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஃபியட்டிலும் அம்பாசடரிலும் கண்ணாடியைப் பிடித்திருப்பது ரப்பர்தான். ரப்பரின் ஒரு பள்ளத்தில் கண்ணாடி உட்காரும், இன்னொரு பள்ளத்தில் பாடியின் தகர விளிம்பு உட்காரும். பொறுமையும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் மாட்டுவது ஒரு மணி நேர வேலை. ஆனால் அதற்கு முந்தின வேலை ஒரு வாரத்தை வாங்கிவிடும். அந்த வாரத்தை மிச்சம் பிடித்தவர்களுக்குத்தான் அடுத்த மழையில் மறுபடி ஒழுகுகிறது.

முதலில், தண்ணீர் கண்ணாடி வழியாகத்தான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வைப்பர் தண்டு வெளியே வரும் துளையில் உள்ள சிறு ரப்பர் காய்ந்து வெடித்திருந்தாலும் டேஷ்போர்டுக்குக் கீழேதான் சொட்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் விடட்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் வண்டி முழுக்க வழிந்து, எந்த இடம் என்றே தெரியாமல் போகும்.

கண்ணாடிதான் என்று தெரிந்துவிட்டால், வைப்பர் கைகளையும் உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியையும் கழற்றுங்கள். ரப்பரின் மேல் பளபளப்புப் பட்டை இருந்தால் அதையும் மெதுவாக உருவுங்கள். பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளிப்பக்க உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால் கண்ணாடி தானாகத் தளர்ந்து கையில் வரும். திருப்புளியை விட்டு நெம்பினால் ஓரத்தில் சில்லு தெறிக்கும், அந்தச் சில்லிலிருந்துதான் பிறகு விரிசல் ஓடும். கழற்றிய கண்ணாடியைச் சிமெண்டுத் தரையில் முனை படும்படி நிறுத்தாமல் பாயிலோ மெத்தையிலோ படுக்கப் போடுங்கள்.

இப்போது தகர விளிம்பு தெரியும். கீழ் மூலைகள் இரண்டையும் பாருங்கள். நம் கரையோர வண்டிகளில் அங்கே துரு அடை அடையாகப் பெயர்ந்து வராமல் இருந்து நான் பார்த்தது அபூர்வம். அடுப்படியில் உப்புச் சாடி மழைக்காலத்தில் நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் ராத்திரியில் அந்த அளவு ஈரம் சாதாரணமாக இருக்கும். ஆக, ரப்பருக்கு அடியில் உப்பு சேர்ந்துவிட்டால் ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்திலும் அந்தத் தகரம் ராவெல்லாம் நனைந்துகொண்டே இருக்கிறது. துரு ஊதி ரப்பரைத் தூக்குகிறது, தூக்கிய இடத்தில் தண்ணீர் நுழைகிறது. நீங்கள் வைத்த சிலிக்கான் இதற்கு மேல் மூடி போட்டு ஈரத்தை உள்ளேயே நிறுத்தியிருக்கும். புளித்த காடி வாடை அடிக்கும் வகை சிலிக்கான் என்றால் இன்னும் மோசம். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் வெறும் இரும்பை அரிக்கும். அதன் மிச்சம் துளி இருந்தாலும் அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது, சுரண்டி முழுக்க எடுத்துவிடுங்கள்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80-ஆம் நம்பர் எமரித் தாளில் வெள்ளை இரும்பு தெரியும்வரை இழுங்கள். பிறகு கழுவ வேண்டும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தவறுவது: போர் தண்ணீரில் கழுவுகிறார்கள். சோப்பு நுரைக்காத தண்ணீரில் கழுவினால் உப்பைப் போக்கிவிட்டு உப்பைப் பூசியது போலத்தான். குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் இதற்கென்று ஒதுக்குங்கள். கழுவித் துடைத்துக் காயவைத்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டால் விடியற்காலையில் மஞ்சள் படிந்திருக்கும். சாதா ரெட் ஆக்சைடைவிட எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடிப்பது நல்லது, அதன் மேல் பெயிண்ட். அடித்த பிறகு ஒரு வாரம் காயட்டும். அவசரப்பட்டால் தின்னர் ஆவி ரப்பரை ஊத வைக்கும்.

தகரத்தில் ஓட்டை இருந்தால் பட்டி வைத்து அடைக்காதீர்கள். பல வருடத்துக்கு முன் ஓர் அம்பாசடரில் நான் அதைச் செய்தேன். விளிம்பு தடித்துப்போய் ரப்பர் ஒழுங்காக உட்காரவில்லை. கண்ணாடியின் ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் விழுந்து, மறுநாள் வெயிலில் நிறுத்திய வண்டியில் தானே விரிசல் ஓடியது. அந்தக் கண்ணாடிக்கு என் கைப்பணத்தைக் கொடுத்தேன். ஓட்டை என்றால் வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங்தான். அதை நல்ல டிங்கரிடம் விட்டுவிடுங்கள்.

ரப்பர் வாங்கப் போகும்போது பழையதில் விரல் நீளம் வெட்டி எடுத்துப்போய், வெட்டுமுகத்தை வைத்து ஒப்பிடுங்கள். பழைய ரப்பர் சுருங்கியிருக்கும், அதன் நீளத்தை நம்பிப் புதியதை வெட்டாதீர்கள். வளையமாக வராமல் நீளமாக வந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, நெருக்கித் தள்ளிச் சேருங்கள். சேரும் இடத்தை நான் மேலே நடுவில் வைப்பேன், கீழ்ப் பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் தேங்கும். மாட்டும் முன் ரப்பரை அரைமணி வெயிலில் போட்டால் இளகிவிடும்.

மாட்டும் முறை இது. ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, நான்கைந்து இடத்தில் டேப் ஒட்டுங்கள். தகர விளிம்புக்கான பள்ளத்தில் 4 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கள். மீன்பிடிச் சாமான் கடையில் பின்னல் கயிறாகக் கேளுங்கள். முறுக்குக் கயிறு ரப்பர் உதட்டைக் கிழிக்கும். இரு முனைகளும் கீழே நடுவில் ஒரு முழம் ஒன்றையொன்று தாண்டி, உள்பக்கம் தொங்க வேண்டும். நல்ல தண்ணீரில் ஷாம்பு கலந்து விளிம்பிலும் ரப்பரிலும் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ், மண்ணெண்ணெய், வள்ளத்துக்குப் பூசும் மீனெண்ணெய் எதுவும் வேண்டாம், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.

கண்ணாடியை வெளியிலிருந்து, கீழ் விளிம்பு நன்றாக உட்காரும்படி நடுவில் வைத்துத் துணையாள் உள்ளங்கையால் அழுத்தட்டும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுங்கள். கயிறு வர வர உள் உதடு தகரத்தைத் தாண்டி ஏறி உட்காரும். நீங்கள் இழுக்கும் இடத்துக்கு நேர் எதிரேதான் வெளியில் இருப்பவர் அழுத்த வேண்டும். இதை மட்டும் பேசி ஒத்துக்கொண்டு செய்யுங்கள். கீழ்ப் பக்கம், மூலைகள், பக்கவாட்டு, கடைசியில் மேல் பக்கம். எங்காவது சிக்கினால் பலம் போடாமல் நிறுத்தி, கண்ணாடி ஒரு பக்கம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள்.

பசை கடைசியில்தான். சோப்புத் தண்ணீர் காய இரண்டு நாள் விட்டு, கெட்டியாகாத பியூட்டைல் வகை சீலன்டை வாங்குங்கள். வெளிப்பக்க உதட்டை மழுங்கிய பிளாஸ்டிக் துண்டால் தூக்கி, குழாயின் நுனியை உள்ளே விட்டுச் சுற்றிலும் செலுத்துங்கள். முதலில் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே, அடுத்து ரப்பருக்கும் பாடிக்கும் இடையே. உள்பக்கம் வைக்கவே கூடாது. தப்பித் தவறி நுழையும் நீர் வெளியேற வழியின்றி விளிம்பிலேயே நின்றுவிடும்.

கண்ணாடியை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இரவில் எதிர்வண்டி விளக்கில் வைப்பர் கீறல்கள் பளிச்சென்று கூசினால் மாற்றுங்கள். சூடாக்கி இறுக்கிய பழைய டஃபண்டு கண்ணாடி என்றாலும் மாற்றுங்கள். கல் பட்டால் அது ஒரே நொடியில் முழுக்கப் பொடிந்து பாதையை மறைத்துவிடும், நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் பார்வை இருக்கும். புதியதில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 2553 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். லேமினேட்டட் கண்ணாடியில் ஓரமாக மட்டும், ரப்பருக்குள் மறையும் அளவு வெள்ளை பூத்திருந்தால் கவலை இல்லை.

ஆடிக் காற்றில் மணல் பறக்கும்போது பெயிண்ட் வேலையைத் தொடாதீர்கள். ஆவணியில் ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். கண்ணாடியைக் கழற்றியதும் கீழ் மூலைகளை இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். வெல்டிங் தேவையா, தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.