தலைவலிக்குத் தைலமா கூல் ஜாஸ்?

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஜாஸ் கேட்கத் தொடங்கினேன். கொஞ்சம் கிட்டார் பழகியவன். முதலில் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் 'கோ-கோ' கேட்டேன். மூன்று நிமிடம்கூட இல்லை, தலை வலித்துவிட்டது. யார் அதிவேகமாக வாசிப்பது என்ற போட்டியாகத்தான் பட்டது. அப்புறம் மைல்ஸ் டேவிஸின் 'பர்த் ஆஃப் த கூல்', டேவ் புரூபெக்கின் 'டேக் ஃபைவ்'. அப்பாடா என்றிருந்தது. இப்போது ஆபீஸில் வேலை செய்யும்போது பின்னணியில் அதுதான் ஓடுகிறது. பார்க்கர் வாசிக்கும் பீபாப் கோபமும் போதையும் சேர்ந்த கறுப்பர் இசை, மைல்ஸ் பக்கத்துக் கூல் ஜாஸ் அதற்கு எதிராக வந்த பண்பட்ட இசை என்று ஓரிடத்தில் வாசித்தேன். சரிதானா? நம் கல்பனாஸ்வரத்தோடு இதை ஒப்பிடலாமா? பீபாப்பை விட்டுவிட்டு நேராகக் கூல் ஜாஸிலிருந்து தொடங்கினால் தப்பா? ஐந்து ஆல்பம் சொல்லுங்கள்.

கார்த்திக், கோவை

அன்புள்ள கார்த்திக்,

கல்பனாஸ்வரத்தை விடுங்கள். புதிதாக ஒன்றைக் கேட்டவுடன் வீட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதனால் இரண்டையுமே சரியாகக் கேட்காமல் போகிறோம். போதை விஷயத்துக்கும் ஒரு வரி போதும். 1953ல் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போன ஜெர்ரி மல்லிகன் உங்கள் 'பண்பட்ட' கூல் ஜாஸின் தூண்களில் ஒருவர்.

தலைவலிக்கு வருகிறேன். சில வாரங்களாக நான் பழைய சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

இளைஞனாகப் பெரம்பூரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களில் ஒரு காலத்தில் கிளாரினெட் வாசித்தவர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ரெக்கார்ட் போடுவார். கவுண்ட் பேசி, பென்னி குட்மன், லெஸ்டர் யங். பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரப்பர் செருப்பு போட்ட வலது காலால் சிமெண்ட் தரையில் தட்டிக்கொண்டே இருப்பார். சத்தமாகவே தட்டுவார். நடுவில் யாராவது பேசினால் ஊசியைத் தூக்கிவிடுவார்.

ஒரு நாள் நான் பார்க்கர் கேசட் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். நீங்கள் கேட்ட அதே 'கோ-கோ'. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து பாய்கிற தொடக்கம் முடிந்தது. பார்க்கர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் செருப்பு தாளத்தைத் தேடிப் பார்த்தது. ஒரு தட்டு, இன்னொரு தட்டு, அப்புறம் நின்றுவிட்டது. "இதுக்கு எவன்டா டான்ஸ் ஆடுவான்?" என்றார். கேசட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அந்தச் செருப்பு ஏன் நின்றது என்று தெரிந்தால் பீபாப்பில் பாதி பிடிபட்டுவிடும். அதுவரை ஆடுவதற்கென்றே வாசித்த ஸ்விங் என்ற ஜாஸ் இசையில் ட்ரம்மர் காலால் அடிக்கும் பெரிய ட்ரம்தான் நான்கு தட்டையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஆடுகிறவர்களின் கால் அதைப் பிடித்துக்கொண்டுதான் போகும். கென்னி கிளார்க் என்ற ட்ரம்மர் அந்த வேலையை அங்கிருந்து எடுத்து மேலே இருக்கும் சிம்பல் என்ற உலோகத் தட்டுக்குக் கொடுத்தார். கீழே இருந்த ட்ரம்முக்கு விடுதலை. எதிர்பாராத இடத்தில் ஒரு குத்து விடலாம், வாசிப்பவரைச் சீண்டலாம். இப்படி வாசித்ததற்காக டெடி ஹில் தன் இசைக்குழுவிலிருந்து அவரை வெளியே அனுப்பினார். அதே டெடி ஹில் 1940ல் நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற இசை விடுதியை நடத்த வந்தபோது, அங்கே வாசிக்கும் குழுவுக்குக் கிளார்க்கையே கூப்பிட்டார். பியானோவில் தெலோனியஸ் மங்க். ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பார்க்கரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அப்புறம் போர்க்கால வரி. 1944ல் நடனமும் பாட்டும் உள்ள விடுதிகளுக்கு அமெரிக்க அரசு 30 சதவீத வரி போட்டது. சில மாதங்களில் அதை 20 ஆகக் குறைத்தது. ஆட்டமும் பாட்டும் இல்லாமல் வெறும் வாத்தியம் என்றால் வரி இல்லை. சின்ன இடம், சின்ன மேடை, நாலைந்து பேர் வாசிப்பார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். வரியால் பீபாப் பிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் உட்கார்ந்து கேளுங்கள் என்று சொன்ன இசைக்கு அது நாற்காலி போட்டுக் கொடுத்தது.

உங்களுக்குத் தலை வலித்தது வேகத்தால் அல்ல. 'செரோக்கீ' என்ற பழைய பாட்டின் கார்ட்ஸை, அதாவது மெட்டுக்கு அடியில் ஓடும் ஸ்வரக் கூட்டுகளை வைத்துக்கொண்டு, பாட்டின் மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வாசித்ததுதான் 'கோ-கோ'. 1945 நவம்பர் 26ல் அதைப் பதிவு செய்தபோது முதல் முயற்சியில் 'செரோக்கீ' மெட்டையே ஆரம்பித்துவிட்டார்கள். உடனே நிறுத்திவிடுகிறார்கள், அதுவும் பதிவாகியிருக்கிறது. கிட்டார் தெரியும் என்கிறீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து 'செரோக்கீ'யின் கார்ட்ஸை மெதுவாக வாசியுங்கள். கை பழகியதும் பார்க்கரைப் போடுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே மூச்சு எடுக்கிறார் என்று தெரியும். அந்த வேலையைச் செய்யாமல் 'போட்டி' என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

இனி 'எதிராக வந்தது' என்ற பேச்சு. இதை நான் விடப்போவதில்லை.

1948 செப்டம்பர். பார்க்கர் 'பார்க்கர்ஸ் மூட்' பதிவு செய்கிறார். பியானோ ஜான் லூயிஸ், ட்ரம்ஸ் மேக்ஸ் ரோச். அதே மாதம் நியூயார்க்கின் ராயல் ரூஸ்ட் விடுதியில் மைல்ஸ் டேவிஸின் ஒன்பது பேர் குழு மேடையேறுகிறது. பின்னால் 'பர்த் ஆஃப் த கூல்' என்று ஆன குழு இதுதான். பியானோ? ஜான் லூயிஸ். ட்ரம்ஸ்? மேக்ஸ் ரோச். தலைவர் மைல்ஸ் யார்? 19 வயதில் பார்க்கரின் பக்கத்தில் நின்று ட்ரம்பெட் ஊதிய பையன். யார் யாரை எதிர்த்தார்கள், கார்த்திக்? ஜான் லூயிஸ் ஜான் லூயிஸை எதிர்த்தாரா?

இன்னும் கேளுங்கள். 1949 ஏப்ரலில் அதே குழு 'பாப்ளிசிட்டி'யைப் பதிவு செய்தபோது ட்ரம்ஸில் கென்னி கிளார்க். ஆமாம், பெரம்பூர்ச் செருப்பை நிறுத்திய அதே கிளார்க்தான். 1952ல் மாடர்ன் ஜாஸ் குவார்டெட் தொடங்கியபோதும் அவர்தான் ட்ரம்மர். கோட்டும் சூட்டுமாக வந்து, கச்சேரி மண்டபத்தில் பொடி ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி வாசித்த குழு அது. அந்தக் குழுவே கில்லெஸ்பியின் பீபாப் இசைக்குழுவுக்குள்ளிருந்து கிளம்பியதுதான்.

கறுப்பர் கோபம், வெள்ளையர் பண்பு என்ற கணக்கும் இங்கேயே உதிர்ந்துவிடும். அந்த ஒன்பது பேர் குழுவுக்கு இசை அமைத்துக் கொடுத்த கில் எவன்ஸ், மல்லிகன், அதில் சாக்ஸபோன் வாசித்த லீ கோனிட்ஸ் எல்லாம் வெள்ளையர்கள். நியூயார்க்கின் 55ஆம் தெருவில் ஒரு சலவைக்கடையின் பின்புறம், எவன்ஸ் வாழ்ந்த நிலவறை வீட்டில்தான் இவர்கள் இரவும் பகலும் கூடிப் பேசினார்கள். பார்க்கரும் அங்கே வந்துபோனவர்தான். ராயல் ரூஸ்ட் வாசலில், வாத்திய அமைப்பு மல்லிகன், எவன்ஸ், லூயிஸ் என்று மைல்ஸ் பலகை வைக்கச் சொன்னார். யாரும் செய்யாத காரியம் அது. வெள்ளைக்காரனை ஏன் சேர்த்தாய் என்று கோனிட்ஸை வைத்து மைல்ஸைச் சிலர் திட்டவும் செய்தார்கள். நன்றாக வாசிக்கிறவன் யாராக இருந்தாலும் சேர்ப்பேன் என்பதுதான் அவர் பதில்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. 1937 கோடையில் மிசௌரியின் ஓசார்க் மலைப்பகுதிக்கு வாசிக்கப் போன 16 வயதுப் பார்க்கர், லெஸ்டர் யங்கின் ரெக்கார்டுகளைப் போட்டுப் போட்டு அவர் வாசித்ததை ஸ்வரம் விடாமல் கற்றுக்கொண்டார். கூல் ஜாஸின் சாக்ஸபோன்காரர்களான ஸ்டான் கெட்ஸும் மல்லிகனும் போய் நின்றதும் அதே லெஸ்டரிடம்தான். அவசரமே இல்லாத ஆள். தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நடந்து வருவார். என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் லெஸ்டருக்குச் செருப்பைத் தட்டினார், லெஸ்டரிடம் படித்த பிள்ளையை வீட்டுக்குள் விடவில்லை. அவரை நான் மன்னித்துவிட்டேன். அவருக்கு ஆட வேண்டும். உங்களுக்கு என்ன குறை?

ஆபீஸில் பின்னணியில் ஓடுகிறது என்றீர்களே, அதுதான் எனக்கு வலித்தது. நீங்கள் ஓட விடும் 'பர்த் ஆஃப் த கூல்' ஆல்பத்தில் கில் எவன்ஸ் அமைத்த 'மூன் ட்ரீம்ஸ்' இருக்கிறது. பாட்டு முடிந்தது என்று நாம் நினைக்கிற இடத்தில் மெட்டு கலைந்துவிடும். மேலே ஒரு ஒற்றை ஸ்வரம் நீண்டுகொண்டே இருக்கும். கீழே டியூபா, ஹார்ன், பேரிடோன் சாக்ஸபோன் எல்லாம் பிடிமானம் இல்லாமல் நழுவி இறங்கும். எனக்கு இன்றும் அந்த இடத்தில் அடிவயிறு கலங்கும். அதைக் கேட்டு நிம்மதியாக வேலை பார்க்க முடிந்தது என்றால் நீங்கள் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஐந்து ஆல்பம் தர மாட்டேன். 'பார்க்கர்ஸ் மூட்' ஒன்றை மட்டும் கேளுங்கள். மெதுவான ப்ளூஸ். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். வேகம் கிடையாது, தைலமும் கிடையாது. வீட்டில், கம்ப்யூட்டரை மூடிவிட்டு. நடுவில் ஜான் லூயிஸ் வாசிக்கும் பியானோவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பீபாப்பா கூலா என்று எனக்கு எழுதுங்கள்.