சுழலும் செய்தியும் உட்காரும் நேயரும்

வணக்கம் சார்,

‘செய்திச் சேனலுக்குச் செய்தி ஒரு கச்சாப்பொருள் மட்டுமே’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தலாக இருந்தது. 24 மணி நேரமும் செய்தி என்பது நல்ல யோசனை, பின்னால் வந்தவர்கள்தான் விவாதம் என்ற பெயரில் அதைக் கெடுத்தார்கள் என்று நினைப்பவன் நான். அமெரிக்காவில் சி.என்.என். என்ற முதல் 24 மணி நேரச் செய்தி சேனல் தொடங்கியபோது செய்தி மட்டும்தானே இருந்தது? அதற்குப் போட்டியாக ஃபாக்ஸ் நியூஸ் வந்த பிறகுதானே இந்தக் கூச்சல்?

இன்னொரு சந்தேகம். அரை மணி நேரச் செய்தியை ஒழுங்காகத் தயாரித்து, அவ்வப்போது புதுப்பித்து, அதையே நாள் முழுக்கப் போட்டால் என்ன? நான் தினமும் பத்து நிமிடம் செய்தி பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். என்னைப் போன்றவர்களுக்கு அது போதுமே. உலகம் அழியும் நாளில் ஒளிபரப்ப சி.என்.என். ஒரு டேப் எடுத்து வைத்திருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா என்பதையும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்விக்கான பதில் இரண்டாவது கேள்விக்குள் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் கேட்கும் சேனலை அமெரிக்காவில் இரண்டு முறை நடத்திப் பார்த்துவிட்டார்கள். ஏ.பி.சி. தொலைக்காட்சி நெட்வொர்க்கும் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து 1982 ஜூனில் ‘சேட்டிலைட் நியூஸ் சேனல்’ தொடங்கின. 18 நிமிடம் ஒரு சுற்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, இடையில் வந்த புதுச் செய்திகளைச் செருகிக்கொண்டு. தொழிலில் இதற்கு ‘சக்கரம்’ என்றே பெயர். இவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சி.என்.என். முதலாளி டெட் டர்னர் முந்திக்கொண்டார். 1982 ஜனவரி முதல் தேதியே அரை மணி நேரச் சக்கரம் ஒன்றை உருட்டிவிட்டார். முதலில் சி.என்.என். 2 என்று பெயர், பிறகு ‘ஹெட்லைன் நியூஸ்’. ஏ.பி.சி. கூட்டணி கேபிள் நிறுவனங்களிடம் காசு கேட்காமலே சேனலைக் கொடுத்துப் பார்த்தது. அப்படியும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1983 அக்டோபரில் டர்னர் 2.5 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கினார், வாங்கிய கையோடு நிறுத்தினார்.

அவருடைய சக்கரம் இருபது வருடத்துக்கு மேல் சுற்றியது. அதுவும் கடைசிவரை சுற்றவில்லை. 2005இல் மாலை நேரத்தைப் பேச்சு நிகழ்ச்சிகள் பிடித்துக்கொண்டன. 2022 டிசம்பரில் அந்தச் சேனலின் சொந்த நேரலைச் செய்தியே நின்றுபோனது. அதன்பின் அங்கே பெரும்பாலும் ஓடுவது பழைய குற்றப் புலனாய்வுத் தொடர்களின் மறு ஒளிபரப்பு.

சக்கரம் ஏன் நிற்கிறது? தரக்குறைவால் அல்ல, கணக்கால். விளம்பரம் கொடுப்பவர் கேட்பது இன்று எத்தனை பேர் சேனலை எட்டிப் பார்த்தார்கள் என்பதை அல்ல. என் விளம்பரம் ஓடும் நிமிடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதைத்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் வந்து ஆளுக்கு ஆறு நிமிடம் பார்த்துவிட்டுப் போனால், எந்த நிமிடத்தை எடுத்தாலும் சராசரியாக 10,000 பேர். வெறும் 20,000 பேர் வந்து அந்த ஒரு மணி நேரமும் நகராமல் இருந்தால் சராசரி 20,000. ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள், விலை இரண்டு மடங்கு. சக்கரம் நன்றாகச் சுற்றச் சுற்ற நேயர் சீக்கிரம் விஷயம் தெரிந்துகொண்டு எழுந்து போகிறார். நன்றாகச் சேவை செய்ததற்கு அபராதம் கட்டும் தொழில் இது ஒன்றுதான் என்று தோன்றும்.

ஆகவே நிகழ்ச்சி அட்டவணை போடுகிறவரின் வேலை செய்தி சொல்வதோடு முடிவதில்லை. சொன்ன பிறகும் ஆளை உட்கார வைக்க வேண்டும். கச்சாப்பொருள் என்று நான் எழுதியது இதைத்தான்.

இப்போது 1980க்குப் போவோம். டர்னருக்குச் செய்தியில் பெரிய பிடிப்பு ஒன்றும் இருந்ததில்லை. அட்லாண்டாவில் அவர் நடத்திய தொலைக்காட்சி நிலையத்தில் செய்தி வாசிப்பது அதிகாலை மூன்று மணிக்கு, அதுவும் கிண்டலாக. வாசிப்பவர் பில் டஷ். ஒருமுறை சட்டையும் டையும் மாட்டிய ஒரு நாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசித்தார். அந்த முதலாளிதான் இன்னொரு ஊரில் இருந்த தன் நிலையத்தை விற்று 24 மணி நேரச் செய்தி சேனலுக்குப் பணம் புரட்டினார். செய்தி தெரிந்தவர் ரீஸ் ஷோன்ஃபெல்ட், சேனலின் முதல் தலைவர். நம்பியிருந்த சாட்காம் 3 செயற்கைக்கோள் 1979 டிசம்பரில் ஏவப்பட்ட சில நாட்களிலேயே தொலைந்துபோனது. வழக்குப் போட்டு வேறொரு செயற்கைக்கோளில் இடம் பிடித்தார்கள். 1980 ஜூன் 1 மாலை, டேவிட் வாக்கர், லோயிஸ் ஹார்ட் என்ற தம்பதி முதல் செய்தியை வாசித்தபோது சேனல் போய்ச் சேர்ந்தது சுமார் 17 லட்சம் வீடுகளுக்கு. போட்டியாளர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சிக்கன் நூடுல் நெட்வொர்க்’.

அன்றைய மூன்று பெரிய நெட்வொர்க்குகளின் மாலைச் செய்தி அரை மணி நேரம். விளம்பரம் போக 22 நிமிடம். அந்த 22 நிமிடத்துக்கு உலகெங்கும் நிருபர்கள், கேமராக்காரர்கள், எடிட்டர்கள் என்று ஒரு படையே நாள் முழுக்க உழைக்கும். அதே நெருக்கத்தில் 24 மணி நேரத்தை நிரப்ப உலகத்தில் எவரிடமும் பணம் கிடையாது. டர்னரிடம் சுத்தமாகக் கிடையாது. கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்து ‘வீடியோ ஜர்னலிஸ்ட்’ என்று பெயர் வைத்து, கேமரா பிடிப்பதிலிருந்து டெலிப்ராம்ப்டர் ஓட்டுவது வரை செய்யவைத்தார்கள். வாசிப்பவருக்குப் பின்னால் சுவருக்குப் பதில் செய்தி அறையே தெரியும்படி அமைத்தார்கள். பார்க்க உயிரோட்டமாக இருந்தது, தனி அரங்கச் செலவும் மிச்சம்.

அப்படியும் மணிகள் மிச்சமிருந்தன. மலிவாக நிரப்ப மூன்று வழிகள்தான். சொன்னதையே திரும்பச் சொல்லலாம். ஆட்களை உட்கார வைத்துப் பேசவிடலாம். நடப்பதை நடக்கும்போதே காட்டலாம். சி.என்.என். மூன்றையும் முதல் வருடத்திலேயே செய்தது. மற்ற நெட்வொர்க்குகள் தொடர்கள் போடும் மாலை நேரத்தில் இரண்டு மணி நேரச் செய்தி வைத்தார்கள், அது துணிச்சல்தான். ஆனால் கூடவே பங்குச் சந்தைக்கு ஒரு நிகழ்ச்சி, விளையாட்டுக்கு ஒன்று, ஆடை அலங்காரத்துக்கு ஒன்று, நேயர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி ஒன்று. ‘கிராஸ்ஃபயர்’ தொடங்கியது 1982இல். இடதுசாரி ஒருவர், வலதுசாரி ஒருவர், நடுவில் மாட்டிக்கொள்ளும் விருந்தினர். நீங்கள் குறிப்பிடும் ஃபாக்ஸ் பிறந்தது 1996 அக்டோபரில். விவாதம் பதினான்கு வருடம் மூத்தது. ‘கிராஸ்ஃபயர்’ வந்தபோது சி.என்.என்.னுக்கு வயது இரண்டுதான்.

இதைப் புத்தக அறிவாக மட்டும் சொல்லவில்லை. நானும் ஒரு செய்தி அறையில் சில வருடம் ரன்டவுன் பார்த்தவன். ரன்டவுன் என்பது அந்த ஒரு மணி நேரத்தின் பட்டியல்: எது முதலில், யார் வாசிப்பது, பைட் (ஒருவர் பேசும் துண்டு) எத்தனை நொடி, பேக்கேஜ் (படம்பிடித்து எடிட் செய்து முடித்த செய்தித் தொகுப்பு) எத்தனை நிமிடம். ஓரத்தில் ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும், நேரம் மிஞ்சுகிறதா இடிக்கிறதா என்று. ஒருநாள் இரவு மூன்று நிமிடம் நாற்பது நொடிக்கான பேக்கேஜ் கடைசி நேரத்தில் வந்து சேரவில்லை. அப்லோட் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பகுதிக்கு இன்னும் ஒன்றரை நிமிடம். முந்தைய பகுதியில் பேசி முடித்த விருந்தினர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். பி.சி.ஆர். என்ற கட்டுப்பாட்டு அறையிலிருந்து புரொடியூசர் ஆங்கரின் காதில், “அவரை விடாதீங்க, ஸ்ட்ரெச் பண்ணுங்க” என்றார், அதாவது பேச்சை இழுக்கச் சொன்னார். ஃப்ளோர் மேனேஜர் குனிந்தபடியே ஓடி மைக்கைத் திரும்ப மாட்டினார். ஆங்கர் முன்பு கேட்ட கேள்வியையே வேறு மாதிரி கேட்டார். மனிதர் எரிச்சலில் ஒரு பெரிய ஆளைப் பற்றி ஒரு வார்த்தை விட்டார். மூன்று நிமிடம் நாற்பது நொடி எங்கே போனதென்றே தெரியவில்லை.

பிறகு ரேட்டிங் வந்தது. நிமிடவாரியான கோடு. வழக்கமாக அந்த இடத்தில் பள்ளம் விழும். அன்று விழவில்லை. கூட்டத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை. வராமல் போன பேக்கேஜுக்கு நிருபர், கேமராமேன், எடிட்டர் என்று மூவரின் இரண்டு நாள் உழைப்பு. அந்த அதிகாரிக்கு வண்டிச் செலவு மட்டும். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். நாற்காலி போட்டதில் எனக்கும் பங்குண்டு, மறைக்கவில்லை.

இதனால் 24 மணி நேரச் செய்தி என்பதே மோசடி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது வழி இருக்கிறதே, நடப்பதை நடக்கும்போது காட்டுவது, அங்கேதான் இந்தச் சேனல்கள் உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்தன. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பியபோது விண்வெளிப் பயணம் பழகிப்போன சமாச்சாரம் ஆகியிருந்தது. மூன்று நெட்வொர்க்குகளும் அதை நேரலையில் காட்டவில்லை. சி.என்.என். காட்டியது, நேரம் நிரம்ப வேண்டுமே. 73ஆவது நொடியில் விண்கலம் சிதறியது. மறுவருடம் டெக்ஸஸில் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று கிணற்றுக் குழாய்க்குள் விழுந்தது. மீட்க ஏறத்தாழ 58 மணி நேரம் ஆனது. அதில் பெரும்பகுதி பார்க்க ஒன்றுமே இல்லை, துளையிடும் இயந்திரமும் நிற்கிற ஆட்களும்தான். நாடே உட்கார்ந்து பார்த்தது. நடந்து முடிந்ததைத் தொகுத்துச் சொல்வதுதான் செய்தி என்று இருந்தது, அடுத்து என்ன ஆகுமோ என்று காத்திருப்பதும் செய்தி என்று ஆயிற்று.

1991 ஜனவரி 17 அதிகாலை பாக்தாத், வளைகுடாப் போர் தொடங்கிய நேரம். அல் ரஷீத் ஹோட்டல் அறையில் சி.என்.என். ஆட்களான பெர்னார்ட் ஷா, பீட்டர் ஆர்னெட், ஜான் ஹாலிமன். தொலைபேசி நிலையத்தை நம்பாத தனி இணைப்பு ஒன்றை ஈராக் அரசிடம் முன்பே கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். மற்றவர்களின் தொடர்பு அறுந்த பிறகும் இவர்கள் குரல் போய்க்கொண்டே இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டிக் சேனியே அன்றிரவு பாக்தாத் நிலவரத்துக்குச் சிறந்த செய்தி சி.என்.என்.இல்தான் என்று சொன்னார். எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அந்த நேரலையில் பாக்தாதிலிருந்து படம் கிடையாது. திரையில் வரைபடமும் நிருபர்களின் புகைப்படமும், பின்னால் குரல். தொலைக்காட்சியின் மிகப் பெரிய இரவு ஒரு வானொலி நிகழ்ச்சி.

சிக்கல், சேலஞ்சரும் பாக்தாத்தும் அட்டவணை பார்த்து வருவதில்லை. போர் நடக்கும்போது ஏறும் கூட்டம் போர் முடிந்ததும் இறங்கிவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் தினமும் ஒரே நேரத்தில் வரும் ஒரு முகம் தேவைப்பட்டது. பேட்டி நிகழ்ச்சி நடத்திய லாரி கிங் 1985 முதல் 2010 வரை உட்கார்ந்திருந்தது அந்த இடத்தில்தான்.

ஃபாக்ஸ் புதிதாகச் செய்தது என்ன என்று கேட்டால், முதலில், மற்ற சேனல்கள் கேபிள் நிறுவனங்களிடம் சந்தாப் பணம் வாங்கும் இடத்தில், ஒரு சந்தாதாரருக்குச் சுமார் 10 டாலர் என்ற கணக்கில் அந்த நிறுவனங்களுக்குத் தானே கொடுத்து வீட்டுக்குள் நுழைந்தது. அடுத்து, ‘கிராஸ்ஃபயர்’ இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்தால், இவர்கள் தொகுப்பாளரையே ஒரு பக்கமாக்கினார்கள். மாலை முழுக்க ஒரே மனநிலை. தன் கட்சிக்காரர் பேசும்போது நேயர் சேனல் மாற்ற மாட்டார் என்பது மேலே சொன்ன அதே கணக்குதான், இன்னும் சுத்தமாகப் போட்ட கணக்கு. எனக்கு அதில் மரியாதை இல்லை. ஆனால் அது வெளியிலிருந்து வந்த நோய் என்று சொல்ல மாட்டேன். ‘கிராஸ்ஃபயர்’ நிகழ்ச்சிக்கே 2004இல் வந்த நகைச்சுவையாளர் ஜான் ஸ்டூவர்ட், இது நாட்டுக்குக் கெடுதல் என்று தொகுப்பாளர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். மறுவருடம் நிகழ்ச்சி நின்றது. 2013இல் சி.என்.என். அதைத் தூசி தட்டி மறுபடி எடுத்தது. ஒரு வருடம் ஓடியது.

பத்து நிமிடம் பார்த்துவிட்டு அணைப்பவர் நீங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அட்டவணை போடுகிறவருக்கு நீங்கள் ஆறு நிமிட ஆளின் பங்காளி. உங்களுக்கு வேண்டிய சக்கரத்தை இன்று வானொலியிலும் கைபேசியிலும்தான் தேட வேண்டியிருக்கும்.

அந்த டேப் உண்மைதான். உலகம் முடியும்வரை ஒளிபரப்பை நிறுத்த மாட்டோம் என்று டர்னர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். ராணுவ வாத்தியக் குழு ஒன்று ஒரு கிறிஸ்தவப் பாடலை வாசிக்கும், ஒரு நிமிடச் சொச்சம். படம் 2015இல் வெளியே கசிந்தது. சேனலின் ஆவணத்தில் அதற்கு எதிரே ஒரு குறிப்பு இருந்தது: உலகத்தின் முடிவு உறுதிசெய்யப்படும் வரை வெளியிடக் கூடாது. செய்தி அறையில் வேலை பார்த்த யாருக்கும் இதில் ‘உறுதிசெய்யப்படும் வரை’ என்ற இடத்தில்தான் சிரிப்பு வரும். எங்கள் இடத்தில் அதற்கு இரண்டு பேரிடமாவது கேட்டாக வேண்டும்.

அன்புடன்.