காலை ஆறு மணிக்கு எடுக்காத போன்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். நகையை அடகு வைத்து, பேங்கிலும் கடன் வாங்கி, மகனை ஜெர்மனிக்கு மேல்படிப்புக்கு அனுப்பினோம். ஒன்றரை வருசம் ஆகப்போகிறது. தினமும் காலைப் பூசை முடிந்து ஆறு மணிக்குப் போன் போடுகிறேன், எடுப்பதே இல்லை. அவனாகக் கூப்பிட்டால் 'நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா', அவ்வளவுதான் பேச்சு. போன மீன்பிடித் தடைக்காலத்தில் 15,000 ரூபாய் அனுப்பினான். பார்சல் கோடவுனில் பெட்டி தூக்குகிறான் என்று ஊர்ப் பையன் ஒருவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். போன வாரம் வீடியோவில் பார்த்தால் அறை மூலையில் ஒரு மூட்டை காலி பிளாஸ்டிக் பாட்டில். பழைய சாமான் பொறுக்குகிறானோ என்று மனசு பதறுகிறது. வேலையை விடச் சொல்லட்டுமா? அடுத்த மாதம் இங்கிருந்து ஒரு பையன் போகிறான். அவனிடம் கருவாடு கொடுத்துவிடலாமா?

- பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பாட்டில் மூட்டையை இறக்கி வைத்துவிடுவோம். ஜெர்மனியில் தண்ணீரோ கலரோ வாங்கினால், பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடையில் இருக்கிற மெஷினில் போட்டால் சீட்டு வரும். அதைக் கொடுத்துக் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நம் பெட்டிக்கடையில் சோடா பாட்டிலுக்கு முன்பணம் பிடித்தார்களே, அதேதான். உங்கள் மகனுக்குப் பாடம் எடுக்கிற பேராசிரியர் வீட்டிலும் இப்படி ஒரு மூட்டை இருக்கும்.

அடுத்தது போன். நீங்கள் ஆறு மணிக்குக் கூப்பிடும்போது அங்கே மணி என்ன தெரியுமா? நள்ளிரவு தாண்டி ஒன்றரை. இப்போது குளிர்காலம், நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அப்புறம் மூன்றரை. அப்போதும் உங்கள் ஆறு மணி அவனுக்கு இரண்டரைதான். இத்தனை நாளில் 'அம்மா, இது தூங்குற நேரம்' என்று ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை பாருங்கள். சத்தத்தை அமர்த்திவிட்டுத் தூங்குகிறான். அதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே காலை பதினொன்று. ஞாயிறு அந்த நாட்டில் கடைகள் அநேகமாகப் பூட்டித்தான் இருக்கும். பையன்கள் வாரத்துக்குச் சேர்த்துச் சமைப்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான். போனை அடுப்புப் பக்கம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் வராத பேச்சு, வெங்காயம் நறுக்கும்போது வரும்.

வேலைக்கு வருகிறேன். 'இவ்வளவு பணம் கட்டி அனுப்பினோமே, பிறகு ஏன் மூட்டை தூக்குகிறான்' என்பதுதானே உங்கள் வருத்தம்? அங்கே படிக்கப் போகிறவர் ஒரு வருசச் செலவுக்கான பணத்தை ஒரு கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். இப்போது அது 11,904 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே பன்னிரண்டு லட்சத்தை நெருங்குகிறது. அதை மொத்தமாக எடுக்க முடியாது, மாதம் 992 யூரோதான் அவிழும். அதில் வாடகை போகும், மருத்துவக் காப்பீட்டுக்கு 140க்கு மேல் போகும், மிச்சத்தில் சாப்பாடும் பஸ்ஸும். அந்தப் பணம் ஒரு வருசத்துக்குத்தான். விசாவை நீட்டிக்கும்போது இரண்டாம் வருசச் செலவுக்கு என்ன வழி என்று மறுபடி கேட்பார்கள். உங்களிடம் அடகு வைக்க இன்னும் நகை இருக்கிறதா? இல்லை என்பது உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மாணவர்கள் வருசத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. இந்த ஆண்டு குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. அதனால் இது ஒளித்துச் செய்கிற காரியம் இல்லை. கேவலமும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் ஐஸ் பெட்டி தூக்கிய கையோடுதானே அவன் பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்டினார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும்போது உங்கள் வீட்டுக்கு வந்த அந்த 15,000 எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?

எனவே வேலையை விடச் சொல்லாதீர்கள். கேட்க வேண்டியவை வேறு. 'நைட் ஷிப்ட் எத்தனை நாள்?' என்று கேளுங்கள். 'சம்பளம் பேங்கில் வருகிறதா, கையில் கொடுக்கிறார்களா?' என்றும் கேளுங்கள். கணக்கில் வராமல் கையில் வாங்குகிற காசு விசாவுக்கே உலை வைக்கும். பரீட்சையைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துக் கேட்க வேண்டும். அங்கே அநேகப் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போயிற்று, அந்த நாட்டில் வேறு இடத்திலும் அதையே படிக்க முடியாது. நம் ஊர் மாதிரி அரியர் வைத்து ஆண்டுக்கணக்கில் இழுக்கிற கதை கிடையாது. பிப்ரவரி பரீட்சை நேரம். 'பாஸா?' என்று கேட்டால் 'ஆமா' என்பான். 'எந்தப் பாடம்டா கஷ்டமா இருக்கு?' என்று கேளுங்கள்.

இன்னொன்று இருட்டு. டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் எட்டு மணி வாக்கில்தான் அங்கே விடியும், சாயங்காலம் நாலரை வாக்கிலேயே பொழுது அடைந்துவிடும். பாம்பன் வெயிலில் கறுத்த பிள்ளைக்கு அது லேசுப்பட்டதில்லை. குரல் வாரக்கணக்கில் மந்தமாகவே இருந்தால், மாணவர் உணவகத்தையும் விடுதியையும் நடத்துகிற அமைப்பிலேயே மனசு விட்டுப் பேச ஆள் இருக்கிறார்கள், போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் அவன் எதையும் சொல்லுவதில்லை என்பதற்கு என் கதை ஒன்று. என் வீட்டுக்காரர் எண்பதுகளில் சவுதியில் இருந்தார். கடிதம் வரப் பதினைந்து நாள், சில சமயம் ஊருக்கு வருகிற ஆளிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். எல்லாவற்றிலும் 'நலம்'தான். ஊர் வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு மாதம் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்திருக்கிறார். சண்டை போட்டேன். பெட்டியைத் திறந்து என்னுடைய பழைய கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருக்குச் சளிக் காய்ச்சல் என்று எழுதியதற்கு, நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுததாகப் பதில் போட்டிருக்கிறேன். 'இதைப் படிச்சப்புறம் எப்படிடி சொல்லுவேன்?' என்றார்.

அடுத்த முறை அவன் கோடவுன் என்று வாயெடுத்தால், அழாமல் 'எத்தனை கிலோ பெட்டிடா?' என்று கேட்டுப் பாருங்கள்.

கருவாடு தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். சொந்தச் சாப்பாட்டுக்கு மீன் ஒருவர் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். கறி, நெய், பால்கோவா வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். தேங்காய் போகும், கறிவேப்பிலை போகாது. நெத்திலியை இரண்டு நாள் கூடக் காய வைத்து, மூன்று கவர் போட்டுக் கட்டுங்கள். திருக்கைக் கருவாடு மட்டும் வேண்டாம். அதை வறுத்தால் அந்தக் கட்டடத்தில் எல்லாக் கதவும் திறக்கும்.