வயரை மாற்ற வேண்டாம்

எதிர்மின்னூட்டமுள்ள பாலிஸ்டைரின் மணிகள் கண்ணாடி நானோ வாய்க்காலில் எதிர்மின்வாயை நோக்கியே போகின்றன, இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. இதே சந்தேகத்தில் நான்கு முறை வயரை மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான்.

மணி நேர்மின்வாய்ப் பக்கம்தான் நீந்துகிறது; வெள்ளம் அதை மறுபக்கம் அடித்துக்கொண்டு போகிறது. நீர் பட்டதும் கண்ணாடிச் சுவரும் எதிர்மின்னூட்டம் பெறும். அதையொட்டிக் குவியும், கரைசலிலுள்ள பொட்டாசியம் அயனிகள் எதிர்மின்வாய்க்கு நகரும்போது நீரையும் சேர்த்து இழுக்கின்றன. சுவரின் ஜீட்டா மின்னழுத்தம் (நீர் நகரத் தொடங்கும் எல்லையில் உள்ள மின்னழுத்தம்) மணியினுடையதைவிட வலுவாக இருந்தால் வெள்ளமே வெல்லும்.

1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடில் சுவரையொட்டிய அந்த அயனிப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய 10 நானோமீட்டர், 0.1 ஆக நீர்த்தால் 30. உங்கள் வாய்க்காலின் ஆழமோ 50தான். அவ்வளவு நீர்த்த கரைசலில் இரு சுவர்ப் படலங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், நீரோட்ட வேகத்துக்கான பாடநூல் சூத்திரம் அங்கே செல்லாது.

முதலில் மணியில்லாமல் ரோடமின் பி சாயத்தை விட்டுப் பாருங்கள். பிஎச் 7 அருகே அதன் நிகர மின்னூட்டம் சுழி என்பதால் நீரோட்டத்தோடு மட்டுமே போகும். பிறகு சுவருக்குப் பாலிஅக்ரிலமைடு பூச்சு கொடுங்கள், ஓட்டம் அடங்கும். அமிலம் சேர்த்தும் அடக்கலாம். ஆனால் மேற்பரப்பில் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதி உள்ள மணி என்றால் அதன் மின்னூட்டமும் போய்க் கட்டிதட்டிவிடும்.